அடிபட்டு மாதக்கணக்கில் விடாத தாடை மூட்டு வலி: சண்டைக்கலை பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூக்கு உடைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கண் வீங்கினால் ஐஸ் வைக்கிறோம். தாடையில் அடி விழுந்தால் மட்டும் இரண்டு நாள் கஞ்சி குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்துக் கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னால் சுருக்கென்று குத்தும். கோழிக்கறியை மெல்லப் பயம் வரும். காலையில் எழுந்தால் வாய் பாதிதான் திறக்கும். அப்போதுதான் "அன்னைக்கு வாங்கின அடியா இருக்குமோ?" என்ற நினைப்பே வரும்.

நான் பிசியோதெரபிஸ்ட். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பெரும்பாலும் தோட்டத்து ஆட்களுக்கு நடுவில் வேலை. முதுகு, முட்டி, தோள் என்று வருகிறவர்கள்தான் அதிகம். மாலையில் சிலம்பம், தேக்வாண்டோ, முய்தாய் பழகும் பிள்ளைகள் தாடையைப் பிடித்துக்கொண்டு வருவதும் உண்டு. அவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பிறகும் விடாத தாடை வலியில், மூட்டு கெட்டுப்போனதால் வருவது குறைவு. அடிபட்ட நாளிலிருந்து தாடைத் தசைகள் இறுக்கத்தை விடாமல் இருப்பதால் வருவதே அதிகம். அதனால் வைத்தியத்தில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆனால் "முறிவு இல்லை என்று உறுதியான பிறகு" என்பதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரி

அடிபட்டு ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, ஒரு வாரம் ஆனாலும் சரி, கீழே உள்ளவை காத்திருக்க வேண்டியவை அல்ல.

பற்கள் முன்புபோல் பொருந்தவில்லை. அதாவது கடித்தால் ஒரு பக்கம் முதலில் முட்டுகிறது, அல்லது முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது. வாய் திறக்கும்போது முகவாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. கீழுதடும் முகவாயும் மரத்துப்போயிருக்கின்றன. காதிலிருந்து ரத்தம் அல்லது தண்ணீர்போல் ஏதாவது வருகிறது. நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கருநீலமாக ரத்தம் கட்டியிருக்கிறது. இந்தக் கடைசி அடையாளத்தை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. தாடை எலும்பு முறிவை அது பல சமயம் காட்டிக்கொடுக்கும். கைபேசி விளக்கைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வாய் திறந்தபடியே நின்று மூட முடியவில்லை என்றால் மூட்டு நழுவியிருக்கிறது. கூட இருப்பவர்கள் அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. நேரம் ஆக ஆகத் தசை இறுகி, திரும்ப ஏற்றுவது கடினமாகும். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடிபட்டவனுக்கு வாந்தி, தாங்க முடியாத தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு என்று ஏதாவது இருந்தால் தாடையை விடுங்கள், அது தலைக்காயம். மூச்சு விடவோ எச்சில் விழுங்கவோ சிரமப்பட்டாலும் அவசரம்தான். 999ஐ அழையுங்கள்.

முகவாய்க்கு அடியில் தோல் கிழிந்து தையல் போட்டிருந்தால் இன்னும் ஒரு விஷயம். முகவாயில் விழும் அடி அங்கேயே நிற்பதில்லை. எலும்பு வழியாகப் பயணித்துக் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டுக் கழுத்தில் போய் இறங்கும். அந்தக் கழுத்து மெல்லியது. ஒரு வகையில் அது உடைவது நல்லதுதான், இல்லாவிட்டால் மூட்டுத் தலை மண்டை ஓட்டுக்குள் குத்திவிடும். வலது முகவாயில் வாங்கிய குத்துக்கு இடது மூட்டில் முறிவு இருப்பது சாதாரணம். ஆகவே "அடிபட்டது இந்தப் பக்கம், வலிக்கிறது அந்தப் பக்கம், சம்பந்தமில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். மூட்டுத் தலை முறிந்ததைக் கவனிக்காமல் விட்டால் தாடை ஒரு பக்கம் வளராமல் போகலாம், மூட்டு ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமலும் போகலாம். பத்து வயதுப் பையன் பயிற்சி மெத்தையில் முகவாய் மோத விழுந்து, மறுநாள் வாய் திறக்க முடியவில்லை என்றால், "சின்னப் பையன், சரியாயிடும்" என்று விடாதீர்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

தோட்டத்து டிரஸ்ஸரிடம் (மருத்துவ உதவியாளர்) மாத்திரை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதோடு நிற்கக் கூடாது. தாடை மூட்டுக்கு முதல் கதவு பல் மருத்துவம்தான். பலருக்கு இது தெரியாமல் காது டாக்டரிடம் போகிறார்கள். காரணமும் இருக்கிறது. மூட்டுக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் மூட்டு வலி காது வலியாகவே தெரியும். காது சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

'கிளினிக் பெர்கிகியான்' என்ற அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் முன்பதிவு செய்யலாம். அங்கிருந்து கடிதம் வாங்கினால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் வாய், முகம், தாடை அறுவைப் பிரிவுக்குப் போகலாம். நம் ஊர்க்காரர்கள் 'பெடா மூலுட்' என்று சொல்வது இதைத்தான். அரசாங்கக் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்கக் கட்டணம் மிகக் குறைவு. சுங்கை சிப்புட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தள்ளிப்போடுவது எனக்குப் புரிகிறது. முறிவைத் தவறவிட்டால் போகும் நாட்கள் அதைவிட அதிகம்.

டாக்டரிடம் நான்கு விவரம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் அடி, எந்தத் திசையிலிருந்து (முழங்கை, உதை, கம்பு, பிடி), அப்போது பல் பொருத்தம் மாறியதா, இப்போது வாய் எவ்வளவு திறக்கிறது. 'ஓபிஜி' என்ற முழுத்தாடை எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் மட்டும் எல்லா முறிவும் தெரிந்துவிடாது; சந்தேகம் இருந்தால் இன்னொரு கோணத்தில் எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ தேவைப்படும். மூட்டுக்குள் இருக்கும் தட்டைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும், ஆனால் அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. எம்ஆர்ஐயில் தட்டு விலகியிருந்தும் வாழ்நாளில் ஒரு நாள்கூட வலிக்காதவர்கள் ஏராளம்.

உங்களுடையது எந்த வகை?

காதுத் துளைக்கு ஒரு விரல் முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலடியில் ஒரு குமிழ் உருண்டு முன்னால் நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. முதல் 2 செ.மீ. திறப்பு வரை அது கீல்போல் சுழலும், பிறகு முன்னால் சறுக்கும். அதற்கும் மண்டை எலும்புக்கும் நடுவில் ஒரு குருத்துத் தட்டு இருக்கிறது. தட்டு, அதைச் சுற்றிய உறை, வெளியே தசைகள். இந்த மூன்றில் எது நோகிறது என்று பிரித்தறிவதுதான் இந்தப் படி.

கண்ணாடி முன்னால் நின்று உங்கள் சொந்த மூன்று விரல்களை (சுட்டு, நடு, மோதிர விரல்) செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் நுழையுங்கள். மூன்றும் போனால் திறப்பு போதுமானது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 40 மி.மீ.க்கு மேல் திறக்க வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் எங்கோ தடை இருக்கிறது.

தசை வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டால் புடைக்கும் தசையிலும், நெற்றிப் பொட்டிலும் அமுக்கினால் வலிக்கும். வலி மந்தமாக, பரவலாக இருக்கும்; காலையிலோ நாள் முடிவிலோ கூடும். கன்னத் தசையின் வலி கடைவாய்ப் பல்லில் தெரிவதும் உண்டு. பல்லில் சொத்தையே இல்லாமல் பல் வலிக்கிறது என்றால் பிடுங்கச் சொல்வதற்கு முன் தசையை அமுக்கிப் பாருங்கள்.

மூட்டு உறை வீக்கம். வலி காதுக்கு முன்னால் ஒரே புள்ளியில் இருக்கும். அடிபட்ட முதல் சில நாட்களில் அந்தப் பக்கக் கடைவாய்ப் பற்கள் முட்டாமல் சற்றே விலகி நிற்கலாம். உள்ளே நீர் கோத்திருப்பதே காரணம். ஆனால் அதைத் தானாக முடிவு கட்டாதீர்கள், முறிவுக்கும் பல் பொருத்தம் மாறும்.

தட்டு விலகல். திறக்கும்போது 'டக்' என்று சத்தம். ஒரு சிலம்பத் தம்பி என்னிடம் கேட்டது:

"அண்ணே, வாய் தொறந்தாலே சத்தம் வருது. எல்லாரும் ஆபரேஷன்னு பயமுறுத்துறாங்க."

"வலிக்குதா தம்பி?"

"வலி இல்லண்ணே. சத்தம்தான்."

"மூணு விரல் போகுதுல்ல? அப்போ சத்தத்த விட்டுரு."

வலியில்லாத சத்தத்துக்கு மருந்து வேண்டாம். வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சத்தம் எழுப்பிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். ஆனால் இத்தனை நாள் வந்த சத்தம் திடீரென்று நின்று, அதே நாளில் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் போனால், தட்டு முன்னால் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதைச் சில நாட்களுக்குள் காட்டினால் நல்லது.

மல்யுத்த வகைக் கலைகளில் இன்னொரு வழி உண்டு. குத்தே இல்லாமல், கழுத்துப் பிடியில் முன்கை தாடையின் குறுக்கே நின்று பக்கவாட்டில் நசுக்கும். "நான் குத்தே வாங்கலையே" என்று அவர்கள் சொல்வார்கள். பிடி கழுத்தில் விழாமல் தாடையில் விழுந்ததுதான் காரணம்.

முதல் இரண்டு வாரம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், பெரும்பாலோர் ஏற்கெனவே கடந்துவிட்ட கட்டம். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு. மென்மையான சாப்பாடு. வாயை முழுக்கக் கட்டிப்போட வேண்டாம். வலி அனுமதிக்கும் அளவுக்கு மெதுவாகத் திறந்து மூடுங்கள்.

மாத்திரையில் ஒரு எச்சரிக்கை மட்டும். தலையில் அடி பலமாக இருந்தால் முதல் இரண்டு நாள் பாராசிட்டமால் போதும். புரூஃபென், போன்ஸ்தான் போன்ற வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சிலருக்கு ஆஸ்துமா இருந்தால் ஆகாது. அதோடு நம் ஊரில் டெங்கி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாடை வலியோடு காய்ச்சலும் வந்தால் புரூஃபென், போன்ஸ்தான், ஆஸ்பிரின் எதையும் தொடாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

சாப்பாடு: எத்தனை நாளைக்குக் கஞ்சி?

இரண்டு வாரம் மென்மையாகச் சாப்பிடுவது வைத்தியம். மூன்று மாதம் அப்படியே சாப்பிடுவது நோயை வளர்ப்பது. மெல்லாத தசை இளைக்கும், இளைத்த தசை சீக்கிரம் களைத்து வலிக்கும்.

தொடக்கத்தில் சாம்பாரில் ஊறிய இட்லி, கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை, தாவ்ஃபூ ஃபா (மென்மையான சோயாத் தயிர்), மீன் சூப்போடு குழைந்த சோறு, பருப்பு. புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டை பழகுபவன் கஞ்சியிலேயே இருந்தால் எடைதான் இறங்கும். இரண்டாவது கட்டத்தில் தோசை, உதிர்ந்த மீன், சின்னதாக வெட்டிய கோழி. ரொட்டி சானாய் மென்மையாகத் தெரியும், ஆனால் இழுத்து மெல்ல வேண்டியிருப்பதால் தாடைக்கு அது கடின உணவு. அதைக் கடைசியில் சேர்க்கலாம். முறுக்கு, கரும்பு, காய்ந்த சோத்தோங் (கணவாய்), ஐஸ் கட்டி கடிப்பது, பாக்கு, சூயிங்கம் இவற்றுக்கு நல்ல நாள் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். பெரிய பர்கரைக் கடிக்க வாயை முழுக்கத் திறக்காதீர்கள், கத்தியால் வெட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆன்லைனில் தாடை அழகுக்கு என்று ரப்பர் பந்து விற்கிறார்கள். அதை வாயில் போட்டு நூறு முறை கடித்துப் பழகிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல தாடைக்கே அது தேவையில்லை; நொந்த தாடைக்கு வேண்டவே வேண்டாம்.

நாள் முழுதும் காவல்: இந்த வலியின் வேர்

வளையத்துக்குள் மாஸ்டர் சொல்வது சரியானது: முகவாயைத் தாழ்த்து, பல்லைக் கடி, தோளை உயர்த்து. தளர்ந்த தாடையில் விழும் குத்துதான் அதிகம் சேதம் செய்யும். சிக்கல் என்னவென்றால், ஒருமுறை பலமாக வாங்கியவன் வளையத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அப்படியே இருக்கிறான். மோட்டாரில் போகும்போது, கைபேசி பார்க்கும்போது, முதலாளி கத்தும்போது, தூங்கும்போது. தாடைத் தசைகள் நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியே இருக்கின்றன. மூட்டு ஆறியிருக்கும், தசை ஆறவிடாது.

சரியான ஓய்வுநிலை இது: உதடுகள் சேர்ந்திருக்கும், பற்கள் ஒன்றையொன்று தொடாது. நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால், 'ல' சொல்லத் தொடங்கும்போது அது போய் நிற்கும் இடத்தில், லேசாகத் தங்கியிருக்கும். மூச்சு மூக்கு வழியாக. பற்கள் சேர வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்.

இதை நினைவில் வைப்பதுதான் கடினம், பயிற்சி இல்லை. கைபேசியின் பின்பக்கத்தில், மோட்டார் கைப்பிடியில், குளியலறைக் கண்ணாடியில் ஒரு வண்ண ஒட்டி ஒட்டுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் விடுங்கள், தோளையும் சேர்த்து இறக்குங்கள். முதல் வாரம் எத்தனை முறை கடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கண்டு நீங்களே திகைப்பீர்கள்.

செம்பனையில் குலை வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு பாரம் உண்டு. நீண்ட கம்பின் முனையில் அரிவாளை வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மேலே பார்த்தபடி மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். தலை பின்னால் சாயும்போது கீழ்த்தாடையைக் கழுத்துத் தசைகள் இழுக்கின்றன, அதை எதிர்த்து வாயை மூடி வைக்க மெல்லும் தசைகள் உழைக்கின்றன. இழுக்கும் நொடியில் பல்லையும் கடிப்போம். பால்மரம் சீவுகிறவர்களுக்கு எதிர்ப்புறம், குனிந்த கழுத்து. வேலையை விடச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் நடக்கும் நேரத்தில் தலையை நேராக்கி, முகவாயை உள்ளிழுத்து, மூச்சை வெளியே விடுங்கள். குலையை வண்டியில் தூக்கிப் போடும்போது மூச்சை அடக்கிப் பல்லைக் கடிக்காமல், ஊதிக்கொண்டே தூக்குங்கள். ஜிம்மில் எடை தூக்குகிறவர்களுக்கும் இதேதான்.

தூக்கத்தில் குப்புறப் படுப்பதும், கையைத் தாடைக்கடியில் கொடுத்துப் படுப்பதும் வேண்டாம். கொட்டாவி வரும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு முகவாய்க்கடியில் முஷ்டியை வையுங்கள். பல் டாக்டரிடம் போனால் மூட்டு வலி இருப்பதை முன்கூட்டியே சொல்லி, நடுநடுவே வாய் மூட இடைவேளை கேளுங்கள்.

பயிற்சிகள்

முறிவு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்தப் பகுதி. முறிவு இருந்தவர்களுக்கும் பயிற்சி உண்டு, ஆனால் எந்த நாளில் தொடங்குவது என்பதை அறுவை நிபுணர் சொல்ல வேண்டும்.

வலிக்கு ஒரு அளவுகோல்: பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்க வேண்டும், மறுநாள் காலை முன்னைவிட மோசமாக இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியென்றால் வலித்தாலும் தொடரலாம். கொஞ்சம்கூட வலிக்கக் கூடாது என்று காத்திருந்தால் ஒருபோதும் தொடங்க முடியாது.

1. சூடு. நனைத்த வெந்நீர்த் துண்டு, இரு கன்னங்களிலும், 10 நிமிடம்.

2. தடவல். கன்னத் தசையின் புடைப்பில் இரண்டு விரலால் மேலிருந்து கீழாக, மெதுவாக, ஒரு நிமிடம். இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் கழுவிய பெருவிரலைக் கன்னத்தின் உட்புறம் வைத்து, வெளியே சுட்டுவிரலோடு சேர்த்து மெல்லப் பிடியுங்கள். வலிக்கும் முடிச்சு அகப்படும். அதை நசுக்காமல் அப்படியே அரை நிமிடம் பிடித்திருந்தால் தளரும்.

3. நாக்கை ஒட்டித் திறத்தல். எனக்கு மிகவும் நம்பிக்கையான பயிற்சி இதுதான். கண்ணாடி முன்னால், நாக்கு நுனி 'ல' இடத்தில். அதை எடுக்காமல் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து மூடுங்கள். மூட்டு முன்னால் சறுக்காமல் சுழல மட்டும் இது பழக்கும். மேல் இரு முன்பற்களின் நடுக்கோடும் கீழ்ப்பற்களின் நடுக்கோடும் ஒரே நேராக இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் வளைந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஆறு முறை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

4. எதிர்த்துத் தாங்கல். முகவாய்க்கடியில் பெருவிரல் வைத்து, திறக்க முயலும் தாடையை அசையவிடாமல் 6 விநாடி தாங்குங்கள். பிறகு வலது பக்கம், இடது பக்கம். விரல் நகம் வெளுக்காத அளவுக்குத்தான் அழுத்தம். சண்டை பழகுபவர்கள் இதில்தான் பலத்தைக் காட்டிக் கெடுத்துக்கொள்கிறார்கள். தசைக்கு "இறுகாமலும் தாங்கலாம்" என்று சொல்லித் தருவதற்கே இது, வலுவேற்ற அல்ல.

5. நீட்டல். வாய் மூன்று விரல் திறக்காதவர்களுக்கு மட்டும். பெருவிரல் மேல் முன்பற்களிலும் சுட்டுவிரல் கீழ் முன்பற்களிலும் வைத்து, கத்தரிக்கோல்போல் விரித்து 30 விநாடி, மூன்று முறை. முன்னேற்றத்தை அளக்க, பள்ளிப் பொருள் விற்கும் கடையில் ஐஸ்கிரீம் குச்சிக் கட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு குச்சி ஏறத்தாழ 2 மி.மீ. கனம். சிரமமில்லாமல் எத்தனை குச்சி அடுக்கு நுழைகிறதோ அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். வாரம் ஒரு குச்சி கூடினால் நல்ல வேகம். இரண்டு மூன்று வாரம் ஒரு குச்சிகூட ஏறவில்லை, முடிவில் கல்லில் முட்டுவதுபோல் நிற்கிறது என்றால் அது தசை இல்லை; நிபுணரிடம் திரும்பப் போங்கள்.

6. கழுத்து. சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலையைக் குனியாமல் முகவாயை மட்டும் பின்னால் இழுத்து 5 விநாடி, பத்து முறை. தாடையில் விழுந்த அடி கழுத்தையும் உலுக்கியிருக்கும். கழுத்தைத் தொடாமல் தாடையை மட்டும் பார்த்தால் பாதியில் நின்றுவிடும்.

நல்ல மாற்றம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். நடுவில் ஒரு வாரம் பின்னடைவு வருவது வழக்கம், பரீட்சை நேரத்திலும் தூக்கம் கெட்ட வாரத்திலும் குறிப்பாக.

மசாஜ், சின்சே, நைட் கார்டு, ஊசி

சுளுக்கு எடுக்கும் தாத்தாவிடமோ சின்சேயிடமோ (சீன வைத்தியர்) கன்னத்தை எண்ணெய் போட்டு உருவிக்கொள்வதை நான் தடுப்பதில்லை. முறிவு இல்லையென்றால் இதமான தடவல் உதவும். ஆனால் தாடையைப் பிடித்துச் 'சடக்' என்று திருப்புவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கோடாலித் தைலம் எரிச்சலால் வலியை மறக்கடிக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

2023 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் மூன்று மாதம் தாண்டிய தாடை வலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் வெளிவந்தது. வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை எல்லாம் எளியவை: தாடைப் பயிற்சியும் நீட்டலும், உடல் நிமிர்வுப் பயிற்சி, கையால் மூட்டை இளக்குவதும் தசை முடிச்சை அமுக்குவதும், வலியைப் பற்றிய நினைப்பைத் திருத்தும் உளவியல் முறை. கழற்றி மாட்டும் பற்கவசம், போடாக்ஸ், மூட்டைக் கழுவுவது, லேசர் ஆகியவை பொதுவாக வேண்டாம் என்ற பக்கத்தில் நின்றன. பல் பொருத்தத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும் கவசங்களும் மூட்டுத் தட்டை எடுக்கும் அறுவையும் உறுதியாகக் கூடாது என்றார்கள்.

இரவில் பல்லில் மாட்டும் கவசமான நைட் கார்டு விஷயத்தில் நான் கொஞ்சம் இளகுவேன். இரவில் நறநறவென்று பல் கடிப்பவருக்குப் பல் தேயாமல் அது காக்கும். வலிக்காக மட்டும் பெரும் பணம் கொடுத்துச் செய்ய வேண்டாம். "பல்லை ராவி பொருத்தத்தைச் சரிசெய்தால் மூட்டு வலி போய்விடும்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ராவிய பல் திரும்ப வளராது. பூட்டிக்கொண்டு திறக்காத மூட்டுக்குக் கழுவும் சிகிச்சை சிலருக்கு உதவுவதுண்டு, அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அறுவை நிபுணர்.

மறுபடி ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை)

நாட்காட்டியைப் பார்த்து அல்ல, தாடையைப் பார்த்து முடிவெடுங்கள். மூன்று விரல் போகிறது, பற்கள் சமமாக முட்டுகின்றன, வலி மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் சாதாரணச் சாப்பாடு சாப்பிட முடிகிறது, கன்னத்தை அமுக்கினால் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது. இவை இருந்தால் படிப்படியாக ஏறலாம்: முதலில் ஓட்டம், கயிறு தாண்டல், நிழல் சண்டை, அடுத்து பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் அடித்தல், அடுத்து உடலுக்கு மட்டும் ஸ்பாரிங், பிறகு தலைக்கு மென்மையான தொடல், கடைசியில் முழு வேகம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு வாரம். வலி மறுநாள் வரை நின்றால் ஒரு படி இறங்குங்கள். சிலம்பத்தில் கம்பு வேகத்துக்கு முகத்தில் தொடல் என்பதே மென்மையாக இருக்காது; அங்கே எதிராளியை நம்பிக்கையான ஒருவராகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். முறிவு இருந்தவர்களுக்கு இந்தப் படிகள் எல்லாம் அறுவை நிபுணர் நாள் குறித்த பிறகே.

தலைக்கவசத்தை நம்பி இறங்காதீர்கள். பெரும்பாலானவை முகவாயைத் திறந்தே விடுகின்றன; குத்துச்சண்டையில் உயர்மட்ட ஆண்கள் பிரிவில் 2013இலேயே அதை எடுத்துவிட்டார்கள். விளையாட்டுக்கான பற்கவசம் பல்லையும் உதட்டையும் நன்றாகக் காக்கும். மூளை அதிர்வைத் தடுக்கும் என்ற கணக்கில் மட்டும் போடாதீர்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகையை வாங்கினால் அச்செடுத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: வாயைத் திறந்தால் அது மேல்வரிசையில் தானாக ஒட்டி நிற்க வேண்டும். கீழே விழாமல் இருக்கப் பல்லைக் கடித்தே பிடிக்க வேண்டியிருந்தால், இரண்டு மணி நேரப் பயிற்சி முழுதும் உங்கள் கன்னத் தசை அந்த ரப்பரைத் தூக்கிச் சுமக்கிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மலிவாகக் கிடைப்பதில் பல இப்படித்தான். மறுபடி வெந்நீரில் போட்டு அச்செடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மாற்றுங்கள். ஓரம் கடித்துக் கிழிந்ததையும் மாற்றுங்கள். வளரும் பிள்ளைகளுக்கும், பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கும் பல் மருத்துவரே அளவெடுத்துச் செய்வது நல்லது. தேக்வாண்டோ போட்டிக்கு என்றால் வெள்ளை அல்லது நிறமற்றதாக வாங்குங்கள், வேறு நிறத்தை அனுமதிக்க மாட்டார்கள்.